ஊசிக்குத் தெரியாமல்

வா தாயி, உள்ள வா. நாற்காலியை இழுக்காத, தூக்கி வச்சு உக்காரு. ஆங், மெல்ல. இந்த வீட்டுல எதையும் இழுக்கக் கூடாது, போடக் கூடாது, தட்டக் கூடாது. கோவமாச் சொல்றேன்னு நினைச்சுக்கிடாத. சொல்லிச் சொல்லி எனக்கு வாயில அப்படியே வந்துருது.

நீதானே சுபாஷினி? போட்டோவுல பாத்த முகம்தான். வர்ற வெள்ளிக்கிழமை பூ வைக்க நாங்க உங்க வீட்டுக்கு வர்றதா இருக்கோம். நீ என்னடான்னா இன்னைக்கே மினி பஸ் பிடிச்சு, ரோட்டுல இறங்கி, இந்தக் கரட்டு மேட்டுல தனியா நடந்து வந்து நிக்குற. உங்க வீட்டுல தெரியுமா? தெரியாதா? சரி, பரவால்ல. வாழப்போற வீட்டை ஒரு தடவை பாக்கணும்னு ஒரு புள்ளைக்குத் தோணாதா. எங்க காலத்துல அதுக்கெல்லாம் வாயே திறக்க முடியாது. எங்க அக்கா சங்கரேஸ்வரி மட்டும்தான் கேட்டா, "ஏ சண்முகத்தாயி, மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு உனக்காவது தெரியுமா"ன்னு. நிலநடுக்க ஆபீஸ்ல வேலை, பூமி ஆடுறதை அளக்குறாருன்னேன். அதுக்கு அவ சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. நம்ம சாத்தூர்ப் பக்கம் பூமி எங்கடி ஆடுது, சும்மா உக்காந்து சம்பளம் வாங்குற வேலை போல, கொடுத்து வச்சவடி நீன்னா.

பரமகுரு ஊர்ல இல்ல. சென்னையில டிரெய்னிங், நாளைக்குத்தான் வருவான். அது தெரிஞ்சுதான் வந்திருக்க, என்ன? வெவரமான புள்ளதான். இந்தா, காபி. டம்ளரைக் கையிலயே வச்சுக்க. அவனைப் பத்தி என்ன கேக்கணுமோ கேளு. பெத்தவ நல்லதைத்தான் சொல்லுவேன், ஆனாலும் நெசத்துக்கே அவன் தங்கம். குடி கிடையாது, வெளிச் சகவாசம் கிடையாது. ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ். ரெண்டுக்கும் நடுவுல இந்த வாசப்படிதான்.

என்னது? உன் நம்பர் வாங்கின அன்னைக்கே, நீ எங்க இருக்கேன்னு மேப்புல தெரியுற மாதிரி போட்டு விடச் சொன்னானா? அது அக்கறைதான் தாயி, வேற என்ன. அவங்க அப்பா மாதிரி. இந்தக் காலத்துல அப்படி ஒருத்தன் கிடைக்கணுமே. ஆமா, உன் போன் எங்க, கையில காணோம்? நீ வேலை பாக்குற ஆஸ்பத்திரி லேப்லயா? டிராயர்ல போட்டுப் பூட்டிட்டு வந்தியா? மறந்துட்டியா?

வேணும்னேதானா. ம்.

சரி, காபியைக் குடி. ஆறிரும்.

பின்னாடி சன்னல் வழியாப் பாரு. பாதி மண்ணுக்குள்ள பாதி வெளிய ஒரு கல் ரூம் தெரியுதுல்ல? அதுதான் ஊசி ரூம். இந்தக் கரடு அடியில ஒரே பாறை. பாறைதான் பூமி ஆடுறதை அப்படியே கொண்டாந்து சேக்குமாம். மண்ணுன்னா பாதியை முழுங்கிருமாம். அதனாலதான் ஊருக்கு ஒதுக்கமா, ரோட்டுக்கு ஒதுக்கமா, ரயிலுக்கு ஒதுக்கமாப் பாத்து இங்க கட்டினாக. எல்லாத்துக்கும் ஒதுக்கமாப் பாத்தவுக வீட்டை மட்டும் அதே பாறையில, கூப்பிடுற தூரத்துல கட்டி வச்சுட்டாக. லாரி வந்து கல்லு இறக்க இங்கதான் வழி இருந்துச்சு, கான்ட்ராக்டர் இங்கயே கட்டிட்டான். பெரிய ஆபீஸ்ல இருந்து வந்த ஒவ்வொருத்தரும், வீட்டை இங்க கட்டினது தப்பு, மாத்தணும்னு சொல்லி எழுதிட்டுப் போவாக. வீடு மாறல. நாங்கதான் மாறிக்கிட்டோம்.

கல்யாணமாகி மறுவாரம் அவுக என்னைய உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினாக. உன் மாமனாரைச் சொல்றேன், இருந்திருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பாக, அவ்வளவு ஆசை அவுகளுக்கு. உள்ள ஒரு கனமான குண்டு தொங்கும். பூமி ஆடுறப்போ சுவர் ஆடும், மேசை ஆடும், எல்லாம் ஆடும். அந்தக் குண்டு மட்டும் இருந்த இடத்துலயே நிக்கப் பாக்கும். கனம்ல, சட்டுன்னு நகராது. பஸ் வெடுக்குன்னு கிளம்பினா நம்ம உடம்பு பின்னாடியே நிக்கப் பாக்குதுல்ல, அதே கதைதான். நிக்குற குண்டுக்கும் ஆடுற பூமிக்கும் உள்ள வித்தியாசத்தை ஊசி பேப்பர்ல கோடா இழுக்கும். பேப்பர் ஒரு உருளை மேல சுத்தியிருக்கும், ராப்பகலா சுத்திக்கிட்டே இருக்கும். தினமும் காலையில பழைய பேப்பரை எடுத்துட்டுப் புதுசு மாட்டணும். தீபாவளியானாலும் மாட்டணும், காய்ச்சலானாலும் மாட்டணும். அதைக் காட்டுறப்போ அவுக முகத்தைப் பாக்கணுமே, தொட்டில்ல கெடக்குற புள்ளையைக் காட்டுற மாதிரி இருந்துச்சு.

எனக்கும் புரிஞ்சுச்சு. அவ்வளவு அழகாச் சொல்லிக் குடுப்பாக. எங்கேயோ பூமிக்குள்ள பாறை உடைஞ்சு நகருதுன்னு வையி. அங்க இருந்து ரெண்டு விதமா அலை கிளம்புமாம். முதல்ல வர்றது வேகமா வரும். ரேஷன் கடை வரிசையில கடைசி ஆள் தள்ளினா முன்னாடி நிக்குறவ வரைக்கும் தள்ளு வருதுல்ல, அப்படி. ரெண்டாவது, கயித்தை உதறினா நெளிஞ்சுக்கிட்டுப் போற மாதிரி மெதுவா வரும், ஆனா ஆட்டம் அதுலதான் ஜாஸ்தி. ரெண்டும் ஒண்ணாத்தான் கிளம்பும். தூரம் கூடக் கூட நடுவுல இடைவெளி கூடும். அந்த இடைவெளியைப் பாத்தே இவ்வளவு தூரத்துல ஆடியிருக்குன்னு சொல்லிருவாக. எந்தப் பக்கம்னு இந்த ஒரு ஊர் ஊசியை வச்சுச் சொல்றது கஷ்டமாம். மூணு ஊர்க்காரங்க அவங்கவங்க தூரத்துக்கு மேப்புல வட்டம் போட்டா, மூணு வட்டமும் எங்க சேருதோ அங்கதான் ஆடியிருக்குன்னு அர்த்தம்.

பக்கத்துல ஆடினா இடைவெளியே இருக்காது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே கொத்தா வந்து விழும். அதை வச்சுத்தான் எது பூகம்பம், எது என் காலுன்னு அவுக கண்டுபிடிப்பாக.

ஆமா, என் காலுதான். அம்புட்டு நுணுக்கமான ஊசி தாயி. நான் அடுப்படியில இருந்து வாசலுக்கு நடந்தா அங்க கோடு விழும். பேப்பர் பெரிய ஆபீஸுக்குப் போகும். அங்க இருக்கிறவுக, இது என்ன கொத்து, அது என்ன கொத்துன்னு கேப்பாக. பதில் சொல்லணும்ல? அதுக்காக அவுக என்கிட்டக் கேக்க ஆரம்பிச்சாக. மதியம் சாப்பிட வருவாக, கை கழுவிட்டு உக்காந்ததும், "பத்தரை மணிக்கு வாசலுக்குப் போனியா"ம்பாக. ஆமா, கீரைக்காரம்மா வந்துச்சும்பேன். "நாலு எட்டு வச்சுப் போயிருக்க, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் திரும்பியிருக்க"ம்பாக. பேசிக்கிட்டு இருந்தேம்பேன். "அவ்வளவு நேரமா, என்ன பேச்சு"ம்பாக. அவ்வளவுதான். ஒரு நாள் கை நீட்டினதில்ல, ஒரு வார்த்தை அதட்டினதில்ல. கேப்பாக. கேட்டுட்டு ரசம் ஊத்தச் சொல்லுவாக.

முதல்ல வேலைக்காகத்தான் கேட்டாக. அப்புறம் பழகிப்போச்சு. பெரிய ஆபீஸ்ல கேக்காத நாள்லயும் கேட்டாக.

நானும் பழகிட்டேன். குதிகாலைக் கீழ வைக்காம நடக்கப் படிச்சேன். முன்பாதத்தை வச்சு, அப்புறம் மெல்ல, பூனை மாதிரி. நீ அழுத்தி நடக்குற, உள்ள வர்றப்பவே கவனிச்சேன். அதெல்லாம் வந்துரும், ஆறு மாசத்துல வந்துரும். அப்புறம் நடக்குறதையே குறைச்சுக்கிட்டேன். நடந்தாத்தானே கேப்பாக? ஒரு நாள் பூராவும் உக்காந்தே இருந்தேன். சாயங்காலம் ஓடியாந்தாக. என்ன சண்முகத்தாயி, காலையில இருந்து ஒரு கோடுகூட இல்லையே, மேலுக்குச் சரியில்லையான்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தாக. எந்த ஆம்பள அப்படிப் பாப்பான், சொல்லு. அதுல இருந்து அவுக பயப்படக் கூடாதேன்னு, வேலை இல்லாட்டாலும் அப்பப்ப எந்திரிச்சு நாலு எட்டு நடந்துட்டு உக்காருவேன்.

என்ன தாயி, கடிகாரத்தைப் பாக்குற? அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. உக்காரு.

ஒண்ணு சொல்றேன், பரமகுருகிட்டச் சொல்லிறாத. அவனுக்கே தெரியாது. ஆபீஸ்ல ஒரு பெல் இருந்துச்சு. உலகத்துல எங்கேயாவது பெருசா ஆடினா தானா அடிக்கும். அடிச்சா அவுகளுக்குச் சோறு தண்ணி கிடையாது, போனும் கையுமா உள்ளயே கெடப்பாக. பெரிய ஆட்டம்னா அலை வந்துட்டு அப்படியே போயிறாது. பூமியோட மேல்தோல் வழியாச் சுத்திச் சுத்தி வரும், ஊசி வெகு நேரத்துக்குக் கண்டபடி ஆடும், பேப்பர் பூரா மையாக் கிடக்கும். ஒரு தடவை அப்படி ஆடிக்கிட்டு இருக்கிறப்போ மழை வந்துருச்சு. கொடியில துணி. என்னைய அறியாம முற்றத்துல ஓடினேன். ஓடினதுக்கு அப்புறம்தான் நினைப்பு வந்துச்சு, மதியம் கேப்பாகளேன்னு. சாப்பிட வந்தாக, அந்த ஊர்ல இவ்வளவு சேதமாம்னு சொன்னாக, சாப்பிட்டாக, போயிட்டாக. என்னைய ஒண்ணும் கேக்கல.

அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. பூமி ஆடுற நேரத்துல என் காலு தெரியாது.

அதுல இருந்து பெல் அடிச்சா செருப்பை மாட்டிருவேன். பெல் எவ்வளவு நேரம் அடிக்குதுன்னு வச்சே ரிக்டர் அளவு எனக்குத் தெரிஞ்சுரும். அஞ்சுன்னா பெல்லே அடிக்காது. ஆறுன்னா முற்றத்துல குதிகால் வச்சுக் கொஞ்ச நேரம் நடக்கலாம். ஏழுன்னா ரோடு வரைக்கும் போயி, அந்தப் புளியமரத்தடி டீக்கடையில நின்னு நாலு மனுஷ முகத்தைப் பாத்துட்டு வரலாம். ஆறுக்கும் ஏழுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம்னு பேப்பர்ல படிக்கிறவுக நினைப்பாக. அது ஒண்ணு இல்ல தாயி. ஒரு எண் கூடினா ஊசி பத்து மடங்கு ஆடும், உள்ள இருக்கிற சக்தி முப்பது மடங்குக்கு மேல. அவுக சொல்லித்தான் தெரியும், ஆனா எனக்குக் காலால தெரியும். ஆறுல மூச்சு விடலாம், ஏழுல ஊரைப் பாக்கலாம்.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். எங்க அக்கா சங்கரேஸ்வரி சாத்தூர்லதான் வாக்கப்பட்டிருந்தா. இங்க இருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸு. அவளுக்கு வயித்துல கட்டி, டாக்டர் கைய விரிச்சுட்டாரு. பாக்கணும்னு சொன்னேன். அவுக மாட்டேன்னு சொன்னதே இல்ல. "போலாம்"பாக. எப்பப் போலாம்னா, "தனியா எதுக்கு அலையுற, ரெண்டு பேருமாச் சேர்ந்தே போலாம்"பாக. பேப்பர் மாத்த ஆள் இல்லாம அவுக எப்படி வருவாக? அதனால போக முடியல. அவுக மேல தப்புச் சொல்ல முடியாது. போலாம் போலாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாக.

பரமகுரு அப்ப பள்ளிக்கூடம் போயிருந்தான். காலையில சட்டி கழுவிக்கிட்டு இருக்கேன், பெல் அடிக்குது. அடிக்குது, அடிக்குது, நிக்கவே இல்ல. அப்படி ஒரு அடி நான் கேட்டதே இல்ல. அவுக சன்னல் வழியா எட்டிப் பாத்து, "எனக்குச் சோறு வேண்டாம், எட்டுக்குப் பக்கத்துல போகும் போல இருக்கு"ன்னு கத்தினாக. நான் கைய முந்தானையில துடைச்சேன். கேட்டைத் தாண்டினேன். ரோட்டுக்குப் போனேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

சாத்தூர்ல இறங்கி அந்தத் தெருவுல நடந்தேன் பாரு, குதிகாலை நல்லாக் கீழ ஊணி, தப்பு தப்புன்னு. அக்கா கட்டிலோட கட்டிலாக் கெடக்கா. என்னைப் பாத்ததும், "என்னடி, உன் வீட்டுக்காரரு விட்டாரா"ன்னா. பூமி ஆடுச்சுக்கா, வந்துட்டேன்னேன். விவரத்தைச் சொன்னேன். சிரிச்சா. இருமி இருமிச் சிரிச்சா. அப்புறம் திடீர்னு அழுதா. ஏன் அழுதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல, நான் நல்லாத்தானே இருந்தேன். அவ தலையைச் சீவிப் பின்னி விட்டேன். கஞ்சி ஊட்டினேன். மறுபடி வாடின்னா. வர்றேன்கான்னேன்.

திரும்பி வர்றப்பவும் அவுக உள்ளதான் இருந்தாக. பொழுது சாய வீட்டுக்கு வந்தாக. முகம் செத்துப்போயிருந்துச்சு. வடக்க எங்கேயோ ஊர் ஊராத் தரைமட்டமாம், எத்தனை பேருன்னு எண்ணவே முடியலையாம். தட்டுல போட்ட சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருந்தாக. எனக்குன்னா நல்ல பசி. ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டேன். அம்புட்டுப் பேரு செத்த அன்னைக்கு நான் சந்தோஷமா இருந்தேன் தாயி. இருந்தேன், இல்லைன்னு சொல்ல முடியாது. அவுக ஒண்ணு சொல்லுவாக, அளவு வேற ஆட்டம் வேறன்னு. ஒரு பூகம்பத்துக்கு அளவு ஒண்ணுதான், ஆனா ஆட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு ஊர்ல வீடு விழும், இன்னொரு ஊர்ல பாத்திரம் மட்டும் கடகடங்கும். எங்க வீட்டுல நான் சாத்தூருக்குப் போயிட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் அக்காவுக்கு ரொம்ப முடியல. ஆள் மேல ஆள் சொல்லி விடுறா. நான் இருக்கன்குடி மாரியாத்தாளைக் கும்பிட்டேன். எங்கேயாவது ஆட்டு தாயே, ஏழு போதும், எட்டுக் கேக்கல. ஆள் இல்லாத இடமாப் பாத்து ஆட்டு, நடுக்கடல்ல ஆட்டுன்னு வேண்டினேன். வேற எந்தப் பொம்பளையாவது சாமிகிட்ட இப்படி வேண்டியிருப்பாளா? ஒரு நாள் பெல் அடிச்சுச்சு. விழுந்தடிச்சு ஓடினேன். கேட்டுப் பக்கத்துல போகுறதுக்குள்ள நின்னுபோச்சு. ஆறுகூட இல்ல போல. அப்படியே முன்பாதத்துல திரும்பி வந்து உக்காந்துட்டேன். மதியம் அவுக, "கேட்டு வரைக்கும் ஓடினியா"ன்னாக. மாடு உள்ள வந்துச்சுன்னேன்.

அக்கா போயிட்டா. தகவல் வந்ததும் அவுகதான் முன்னாடி கிளம்பினாக. காரு பிடிச்சு, மாலை வாங்கி, ரெண்டு பேருமாப் போனோம். பேப்பர் மாத்த அன்னைக்கு ஒரு ஆளை வரச் சொல்லிட்டாக. நல்ல மனுஷன், எல்லாத்தையும் முறையாச் செஞ்சாக.

பரமகுருவை நடக்கப் பழகுற வயசுல கீழயே விடல. இடுப்புலதான் வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் அவனும் என்னை மாதிரியே நடக்கப் படிச்சுக்கிட்டான். பள்ளிக்கூடத்துல, "இந்தப் பையன் பின்னாடி வந்து நிக்குறதே தெரியல"ன்னு வாத்தியாரு சொல்லுவாரு. அவங்க அப்பா மடியில வச்சு அந்தப் பேப்பரைப் படிக்கச் சொல்லிக் குடுத்தாக. இடைவெளி எது, கொத்து எதுன்னு. என்ன மூளைங்குற. "அம்மா இன்னைக்குக் கொல்லைப்பக்கம் மூணு தடவை போயிருக்கு, ஒரு தடவை நின்னு நின்னு போயிருக்கு, கால் வலியா"ம்பான். அப்பாவும் மகனும் சிரிப்பாக. நானும் சிரிப்பேன்.

அவுக வேலையில இருக்கிறப்பவே நெஞ்சு வலியில போயிட்டாக. கருணை அடிப்படையில இவனுக்கு அதே ஆபீஸ்ல வேலை கிடைச்சுச்சு. வீடும் அதே வீடு. இனிமே எங்கேயாவது டவுன்ல இருக்கலாமான்னு ஒரு நினைப்பு வந்துச்சு, வந்த மாதிரியே போயிருச்சு. இப்ப பேப்பர், மை, பெல்லு ஒண்ணும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரு. அதுல பெரிய ஆட்டம் தனி, சின்ன ஆட்டம் தனின்னு பிரிச்சே காட்டிருதாம். எங்க பூமி ஆடினாலும் என் காலை மட்டும் தனியா எடுத்துப் பாத்துருவான். அதைப் போன்லயே பாக்கலாமாம், சென்னையில இருந்தாலும் பாக்கலாமாம். காலையில போன் பண்ணி, "என்னம்மா இன்னும் எந்திரிக்கலையா"ம்பான். எந்தப் புள்ள தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணுது, சொல்லு. உன்னையும் அப்படித்தான் பாத்துக்குவான். நீ ஒரு எட்டு வச்சா அவனுக்குத் தெரியும். நீ எங்கேயும் தொலைஞ்சு போக முடியாது.

ஏன் எந்திரிச்சுட்ட? உக்காரு, உக்காரு. போன் அடிக்குது. அவன்தான். ஆடாம இரு.

"சொல்லுப்பா. ஆமா, வீட்டுலதான். இல்லையே, யாரும் வரலையே. ரெண்டு பேரா? ரெண்டு பேருக்கு எங்க போக? நான்தான்ப்பா. வெள்ளிக்கிழமைக்குத் தாம்பாளமெல்லாம் எடுத்துத் துடைக்கலாம்னு அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சேன். அழுத்தி நடந்திருக்கா? ம், நான்தான். முட்டி வலிக்குதுப்பா, குதிகாலை ஊணித்தான் நடக்க முடியுது. யாரு, சுபாவா? போன் எடுக்கலையா? வேலையில இருக்கும்ப்பா. மேப்புல லேப்னுதானே காட்டுது, அப்புறம் என்ன? இருபது தடவையா பண்ணின? சரிப்பா. சரி. சாப்பிட்டியா? சரி."

வச்சுட்டான்.

ஏன் அப்படிப் பாக்குற? அவன் கேக்கத்தான் செய்வான். அது அவன் வேலை. நான் ஏன் யாரும் வரலைன்னு சொன்னேன்னு எனக்கே தெரியல. அவங்க அப்பா கேட்டப்போ மாடுன்னு சொன்னது ஒண்ணுதான். மத்தபடி கேக்காததைச் சொல்லாம இருந்திருக்கேன், அது வேற. இவன்கிட்ட இன்னைக்குத்தான் முதல் தடவை. வாயில தானா வந்துருச்சு.

டம்ளரைக் குடு. அழாத தாயி. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? எல்லாம் நல்லதைத்தானே சொன்னேன்? என்னது, எங்க அக்கா எதுக்கு அழுதான்னு உனக்குத் தெரியும்ங்கிறியா? சொல்லாத. இப்பச் சொல்லாத. எனக்கு அதைக் கேட்டுட்டு இந்த வீட்டுல உக்காந்திருக்க முடியாது.

இப்ப நீ போகணும். அதைப் பாப்போம் முதல்ல.

அவனுக்குச் சந்தேகம் வந்துருச்சு. இந்நேரம் போனைக் கையில வச்சுக்கிட்டு இந்த வீட்டுக் கோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். இங்க இருந்து கேட்டு வரைக்கும் பாறை. நீ தனியா நடந்தா உன் நடை விழும், இது அம்மா நடை இல்லைன்னு கண்டுபிடிச்சுருவான். நான் ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் நடந்தா ரெண்டு கொத்து விழும். ரெண்டு நடையும் ஒரே நேரத்துல விழணும். அப்பத்தான் ஒரு ஆளாத் தெரியும். கனம்தான் கூடுதலாத் தெரியும். கேட்டா, பெரிய அண்டாவைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குப் போனேன்னு சொல்லிக்கிறேன். மோட்டார் போட்டா ஊசி ஆடும்னு இங்க மோட்டாரே கிடையாது, கேட்டுக்கு வெளிய கிணத்துலதான் தண்ணி. அவனுக்கு அது பழக்கம்தான்.

செருப்பைக் கையில எடுத்துக்க. என் தோளைப் பிடி. இன்னும் கிட்ட வா, கூச்சப்படாத. நான் எந்தக் காலை வைக்கிறேனோ அதே காலை, அதே நேரத்துல வைக்கணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. வலது காலை எடுத்து வை. இந்த வார்த்தையை வேற ஒரு நாள், ஆரத்தித் தட்டோட நின்னு உனக்குச் சொல்லணும்னு இருந்தேன்.

ம், வை. இடது. வலது. பேசாத, நான்தான் பேசுவேன், பேச்சு விழாது. இடது. படி வருது, சேர்ந்து இறங்கணும். ஆங். நான் உன்னை வேண்டாம்னு சொல்லல, கேட்டியா. என் புள்ளைக்கு நானே குறை சொல்லுவேனா. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல என்ன சொல்லப் போறியோ, அதைத் தைரியமாச் சொல்லு, உங்க அப்பா முகத்தைப் பாத்துச் சொல்லு. வலது. மெல்ல. அவசரப்பட்டா அவன் கேப்பான், ஏன் வேகமாப் போனேன்னு. இடது. உனக்குக் காலு நல்லா வருது தாயி. ஆறு மாசம்னு சொன்னேன், ஆறு நிமிஷத்துல வந்துருச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. வலது.

இந்தா, கேட்டு. இதோட பாறை முடிஞ்சுச்சு. இதுக்கு அங்கிட்டு மண்ணு, மண்ணு முழுங்கிரும். செருப்பைப் போட்டுக்க. இனிமே நீ நடக்கலாம், ஓடலாம், குதிச்சுக்கூடப் போகலாம், ஒருத்தனுக்கும் தெரியாது.

நானா? கைய விடு தாயி. நான் தண்ணி எடுக்க வந்தவ. திரும்பி நடக்கலைன்னா அவன் போன் பண்ணுவான்.